மருந்தின்றி அடங்கும் எச்.ஐ.வி.: இயல்பு நோயெதிர்ப்பின் பங்கு

எச்.ஐ.வி. தொற்றிய ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் ரத்தத்தில் வைரஸ் பெருகிக்கொண்டே போகும், நோயெதிர்ப்பை ஒருங்கிணைக்கும் சிடி4 செல்கள் குறைந்துகொண்டே வரும், சராசரியாகப் பத்தாண்டுகளில் எய்ட்ஸ் நிலை வந்து சேரும். தொற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடம் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துப்போகிறது. ஒரு மாத்திரைகூட விழுங்காமலே அவர்களுடைய ரத்தத்தில் வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நகல்களுக்கும் குறைவாக, வழக்கமான பரிசோதனையில் தென்படாத அளவிலேயே பல ஆண்டுகள் நின்றுவிடுகிறது. இவர்களை மருத்துவ உலகம் ‘எலைட் கன்ட்ரோலர்கள்’ என்று அழைக்கிறது. வைரஸை 2,000 நகல்களுக்குள் நிறுத்திவைப்பவர்களையும் சேர்த்துப் பொதுவாகக் ‘கட்டுப்பாட்டாளர்கள்’ எனலாம்.

வேறு இரு வகையினரை இவர்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிசிஆர்5 என்ற புரதத்தின் மரபணு இரு பிரதியிலும் சிதைந்து பிறந்தவர்களின் செல்களுக்குள் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகளால் நுழையவே முடியாது. வட ஐரோப்பிய வழியினரில் சுமார் நூற்றுக்கு ஒருவர் இப்படிப்பட்டவர். அவர்கள் தொற்றைத் தவிர்ப்பவர்கள். தொற்றிய வைரஸை அடக்குபவர்கள் அல்லர். இன்னொரு வகையினருக்கு வாய்த்த வைரஸே நோஞ்சான். ஆஸ்திரேலியாவில் ஒரே கொடையாளரின் ரத்தத்தை ஏற்றிக்கொண்ட சிலர் நெடுங்காலம் நோயின்றி இருந்தார்கள். அவர்களுடைய வைரஸில் நெஃப் என்ற மரபணுவின் ஒரு பகுதி இல்லாததே காரணம் என்று 1995-ல் தெரிய வந்தது. எலைட் கன்ட்ரோலர்கள் பெரும்பாலோரின் கதை வேறு. அவர்களிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் ஆய்வகத்தில் நன்றாகவே பெருகுகிறது. அதை அடக்குவது அவர்களுடைய உடல்.

உடல் அதை எப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த விடை டி செல்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை, கடை வாசலில் மாதிரிக்குச் சரக்கைத் தொங்கவிடுவதுபோல, தன் மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துணுக்குகளைத் தாங்கி நிற்பவை எச்.எல்.ஏ. மூலக்கூறுகள். வைரஸ் புகுந்த செல் வைரஸின் துணுக்குகளையும் காட்டிவிடும். அதைக் கண்ட சிடி8 டி செல் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். புரூஸ் வாக்கர் உள்ளிட்டோர் நடத்திய பன்னாட்டு ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. 974 கட்டுப்பாட்டாளர்களின் மரபணுத் தொகுதி, நோய் முற்றிய 2,648 பேருடையதோடு ஒப்பிடப்பட்டது. இரு தரப்பையும் பிரித்துக் காட்டிய 300-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் அத்தனையும் ஆறாவது குரோமோசோமில், எச்.எல்.ஏ. மரபணுக்கள் இருக்கும் பகுதியிலேயே குவிந்திருந்தன. எச்.எல்.ஏ.-பி57, பி27 ஆகிய வகைகள் சாதகமானவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததும் இதனால் உறுதிப்பட்டது.

ஆனால் பி57 உள்ளவர்களில் பெரும்பாலோர் எலைட் கன்ட்ரோலர்கள் ஆவதில்லை. எலைட் கன்ட்ரோலர்களில் பலருக்கு பி57-ம் இல்லை, பி27-ம் இல்லை. டி செல்களுக்குக் காலமும் எதிராகவே இருக்கிறது. குறிப்பிட்ட வைரஸுக்கென்று டி செல் படை திரண்டு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எச்.ஐ.வி.யோ அதற்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. ரீசஸ் குரங்குகளுக்குக் குரங்கு வைரஸான எஸ்.ஐ.வி.யைச் செலுத்தி மூன்றாம் நாளிலேயே, ரத்தத்தில் வைரஸ் தென்படுவதற்கு முன்பே, கூட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியதும் வைரஸ் திரும்பி வந்தது. 2014-ல் வெளியான இந்த முடிவின்படி, சில நாட்களுக்குள்ளேயே வைரஸ் செல்களின் டிஎன்ஏவுக்குள் புகுந்து உறங்கு நிலைச் சேமிப்பை உண்டாக்கிவிடுகிறது. அந்த முதல் நாட்களில் களத்தில் இருப்பது பிறவியிலேயே அமைந்த, முன்னனுபவம் தேவைப்படாத இயல்பு நோயெதிர்ப்பு மட்டுமே. பின்னால் வரும் டி செல்களுக்கு எதிரியைக் காட்டிப் பயிற்சி தருவதும் அதன் வேலைதான்.

இந்த எதிர்ப்பின் முதல் கண்ணி உணரிகள். ரத்தத்தில் மிகச் சொற்ப அளவே உள்ள பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள் வைரஸை விழுங்கியதும், அவற்றுக்குள் இருக்கும் டிஎல்ஆர்7 என்ற உணரி வைரஸின் ஆர்என்ஏவை அடையாளம் காண்கிறது. உடனே அந்தச் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பெருமளவில் சுரக்கின்றன. இன்டர்ஃபெரான் பட்ட ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சிகிச்சை பெறாத சாதாரண நோயாளிகளிடம் இந்த டென்ட்ரிட்டிக் செல்கள் நாளடைவில் எண்ணிக்கையிலும் திறனிலும் தேய்ந்துபோகும். எலைட் கன்ட்ரோலர்களிடம் அவை கிட்டத்தட்டத் தொற்றில்லாதவர்களிடம் உள்ளதுபோலவே நீடிக்கின்றன.

இன்டர்ஃபெரான் தட்டியெழுப்பும் மரபணுக்களில் சில, வைரஸை நேரடியாக மறிக்கும் புரதங்களை உருவாக்குகின்றன. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் பெயர்த்தெழுத வேண்டும். சாம்ஹெச்டி1 என்ற புரதம் அந்த எழுத்துக்குத் தேவையான மூலப்பொருளைச் சிதைத்துச் செல்லைப் பஞ்சத்தில் தள்ளுகிறது. அதையும் மீறி எழுதப்படும் டிஎன்ஏவில் அப்போபெக்3ஜி என்ற நொதி எழுத்துகளையே மாற்றிவிடுகிறது: சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் யூராசில் வந்து உட்காரும், பிரதி முழுக்கப் பிழை மலிந்து வைரஸ் பயனற்றுப்போகும். டிரிம்5 ஆல்ஃபா என்ற புரதம், வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் உறையைத் தாக்குகிறது. டெதரின் என்ற புரதம், செல்லைவிட்டு வெளியேறும் புதிய வைரஸ்களை விளிம்பிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. இவ்வளவு இருந்தும் எச்.ஐ.வி. மனிதரிடம் வெற்றி பெறுவதற்குக் காரணம், அது இவற்றில் பலவற்றுக்கு மாற்று வைத்திருப்பதுதான். அதன் விஃப் புரதம் அப்போபெக்3ஜியை அழிக்கிறது, விபியு புரதம் டெதரினை அகற்றுகிறது. மனித டிரிம்5 ஆல்ஃபாவோ, 2004-ல் கண்டறியப்பட்ட ரீசஸ் குரங்கின் டிரிம்5 ஆல்ஃபாவோடு ஒப்பிட்டால் எச்.ஐ.வி.க்கு எதிராக மிகவும் பலவீனமானது.

கட்டுப்பாட்டாளர்களிடம் இந்தத் தடுப்புப் புரதங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதுதான் ரகசியமா? இதை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிலரின் சிடி4 செல்களில் பி21 என்ற புரதம் அதிகமாக இருந்து வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பதாக 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம், பல எலைட் கன்ட்ரோலர்களின் சிடி4 செல்களை ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யால் எளிதாகத் தொற்றச் செய்ய முடிந்திருக்கிறது. ஆகவே தடுப்புப் புரதங்களின் அளவை மட்டும் வைத்து விளக்கம் சொல்வது பொருந்தவில்லை. அவை டி செல்களோடு கைகோக்கும் இடம்தான் கவனிக்கத்தக்கது. பி57 உள்ளவர்களின் டி செல்கள் வைரஸின் உறைப்புரதத்தையே குறிவைக்கின்றன. தப்பிக்க வேண்டி வைரஸ் தன் உறையில் சில திரிபுகளைச் செய்துகொள்கிறது. அப்படித் திரிந்த உறை, சாதாரண உறையைவிட மனித டிரிம்5 ஆல்ஃபாவிடம் எளிதாக மாட்டிக்கொள்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டி செல்லிடமிருந்து தப்பினால் டிரிம்5 ஆல்ஃபாவின் வாயில் விழ வேண்டியிருக்கிறது. தனியாகப் பார்த்தால் சோப்ளாங்கியான ஒரு புரதம் இங்கே பயன்படத் தொடங்குகிறது.

வைரஸின் ஆர்என்ஏவை உணர்வதுபோலவே அதன் டிஎன்ஏவை உணரும் ஏற்பாடும் செல்லில் உண்டு. டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கரு. அதற்கு வெளியே, செல்லின் சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ தென்பட்டால் சிகேஸ் என்ற உணரி எச்சரிக்கை எழுப்பும். எச்.ஐ.வி.யும் இந்த உணரியிடம் சிக்கும் என்று 2013-ல் தெரிந்தது. நடைமுறையில் அது அரிதாகவே சிக்குகிறது. வைரஸ் தன் டிஎன்ஏவை உறைக்குள் மறைத்தபடியே எழுதிக்கொள்வது ஒரு காரணம். டி செல்களுக்குப் பயிற்சி தரும் மையலாய்டு டென்ட்ரிட்டிக் செல்களில் சாம்ஹெச்டி1 மிகுந்திருப்பதால், வைரஸால் அங்கே டிஎன்ஏவை எழுதவே முடியாமல் போவது இன்னொரு காரணம். டிஎன்ஏ உருவாகாவிட்டால் உணரிக்கு உணர ஒன்றும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. செல் தன்னைக் காத்துக்கொள்கிறது, உடலுக்குச் செய்தி சொல்லாமல் விட்டுவிடுகிறது.

ஷூ யூ, மேத்தியாஸ் லிக்டர்ஃபெல்ட் ஆகியோரின் பாஸ்டன் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வின் சுவை இங்கேதான் இருக்கிறது. எலைட் கன்ட்ரோலர்களின் டென்ட்ரிட்டிக் செல்களை எச்.ஐ.வி.யோடு சேர்த்து வைத்தபோது, அவற்றில் சாம்ஹெச்டி1 மற்றவர்களிடம் உயரும் அளவுக்கு உயரவில்லை. எனவே வைரஸ் கூடுதலாக டிஎன்ஏ எழுதியது. அந்த டிஎன்ஏ சிகேஸிடம் சிக்கியது, இன்டர்ஃபெரான் சுரந்தது, அந்த டென்ட்ரிட்டிக் செல்கள் எச்.ஐ.வி.க்கு எதிரான டி செல்களை மற்றவர்களுடையவற்றைவிடத் திறமையாகத் தூண்டின. வைரஸுக்குக் கொஞ்சம் இடம்கொடுத்ததால் வந்த ஆதாயம் இது. அதே குழு 2018-ல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, இந்தத் திறமை எல்லா டென்ட்ரிட்டிக் செல்களிலும் இல்லை, ஒரு துணைக் கூட்டத்திடமே மிகுந்திருக்கிறது என்று காட்டியது. தடுப்பூசி ஆய்வாளர்கள் இதை விடாமல் பின்தொடர்வதற்கு நியாயம் இருக்கிறது. பிறப்பில் வாய்க்கும் எச்.எல்.ஏ. வகையை யாருக்கும் ஊசி போட்டு மாற்ற முடியாது. ஒரு செல்லின் உணரியைத் தக்க துணைமருந்தால் தூண்டிவிட முடியும்.

இயல்பு நோயெதிர்ப்பின் கொல்லும் படை என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்கள். இவற்றின் சோதனை முறை டி செல்களுடையதற்கு நேர்மாறானது. டி செல் அந்நியத் துணுக்கு இருக்கிறதா என்று தேடும், என்.கே. செல் சொந்த அடையாளமான எச்.எல்.ஏ. இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும். ஸ்வீடனின் கிளாஸ் கேரெ 1980-களில் முன்வைத்த கருத்து இது. எச்.ஐ.வி.யின் நிலைமை இதனால் இக்கட்டாகிறது. எச்.எல்.ஏ.வை விட்டுவைத்தால் டி செல் கொல்லும், அகற்றினால் என்.கே. செல் கொல்லும். அதற்கு வைரஸ் கண்டிருக்கும் வழி பாதிக்குப் பாதி: அதன் நெஃப் புரதம், டி செல்கள் அதிகம் நம்பியிருக்கும் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி ஆகியவற்றைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது, என்.கே. செல்களைச் சமாதானப்படுத்தும் எச்.எல்.ஏ.-சி, எச்.எல்.ஏ.-இ ஆகியவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

இந்தத் தந்திரம் எல்லோரிடமும் ஒரே அளவில் பலிப்பதில்லை. என்.கே. செல்கள் எச்.எல்.ஏ.வைப் பார்ப்பது கிர் எனப்படும் ஏற்பிகள் வழியே. இந்த ஏற்பிகளின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சில ஏற்பிகள் செல்லைத் தடுத்துநிறுத்தும், சில ஏவிவிடும். மேரி காரிங்டன் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கிர்3டிஎஸ்1 என்ற ஏவும் ஏற்பியும் அதற்குப் பொருத்தமான ஒரு எச்.எல்.ஏ.-பி வகையும் சேர்ந்து அமைந்தவர்களிடம் எய்ட்ஸ் வருவது தாமதமானது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பலன் இல்லை. அத்தகைய என்.கே. செல்கள், பொருத்தமான எச்.எல்.ஏ. உள்ள செல்களில் எச்.ஐ.வி. பெருகுவதை வலுவாகத் தடுப்பது 2007-ல் ஆய்வகத்தில் நிரூபணமானது. பி57-ம் இந்தப் பொருத்தமான வகைகளுள் அடங்கும். டி செல்லின் வெற்றியாகவே நெடுங்காலம் எண்ணப்பட்ட பி57-ன் பலனில் என்.கே. செல்களுக்கும் பங்கிருக்கிறது.

எதிர்த்திசைச் சான்று 2018-ல் வந்தது. எச்.ஐ.வி. தொற்றிய 9,700-க்கும் மேற்பட்டோரின் தரவுகளில், எச்.எல்.ஏ.-ஏ அதிகமாக உற்பத்தியாகும் உடல்வாகு உள்ளவர்களுக்கு வைரஸின் அளவு கூடுதலாக இருந்தது. எச்.எல்.ஏ.-ஏவிலிருந்து உதிரும் ஒரு சிறு துணுக்கு எச்.எல்.ஏ.-இ மேற்பரப்புக்கு வர உதவுகிறது, எச்.எல்.ஏ.-இ பெருகினால் என்.கே. செல்களின் என்கேஜி2ஏ என்ற தடுப்பு ஏற்பி அழுத்தப்பட்டு அவை சும்மா இருந்துவிடுகின்றன. என்.கே. செல்களை அடக்கிவைத்தால் வைரஸ் தழைக்கிறது என்பதற்கு மனிதரிடமிருந்து கிடைத்த வலுவான சான்றுகளுள் இது ஒன்று.

டி செல்களால் எட்ட முடியாத ஓர் இடமும் உண்டு. நிணநீர் முடிச்சுகளின் உள்ளே இருக்கும் பி செல் மையங்களுக்குள் கொல்லும் டி செல்கள் எளிதில் நுழைவதில்லை. எஸ்.ஐ.வி.யை மிக நன்றாக அடக்கிய ரீசஸ் குரங்குகளில்கூட அந்த மையங்களுக்குள் வைரஸ் தொடர்ந்து பெருகிக்கொண்டிருந்தது 2015-ல் தெரிந்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளிடம் நிலைமை வேறு. எஸ்.ஐ.வி. அவற்றுக்குப் பழகிய வைரஸ். ரத்தத்தில் ஏராளமாக இருந்தும் அவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. அவற்றின் என்.கே. செல்கள் பி செல் மையங்களுக்குள்ளேயே சென்று வைரஸை அடக்குவதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. குரங்குச் சோதனைகளைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. கட்டுப்பாட்டாளர் குரங்குகளின் சிடி8 செல்களை அகற்றினால் வைரஸ் உடனே எகிறும் என்பது டி செல்களுக்குச் சாதகமாக அடிக்கடி காட்டப்படும் சான்று. அந்தச் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் எதிர்ப்பொருள் குரங்கின் என்.கே. செல்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. பழி முழுவதையும் டி செல்களின் இழப்பின் மீது மட்டும் போட்டுவிட முடியாது.

இவ்வளவையும் பார்த்தால், இயல்பு நோயெதிர்ப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தோன்றலாம். உண்மை அப்படி இல்லை. ஹெபடைட்டிஸ் பி தொற்றின் தொடக்கத்தில் ரத்தத்தில் சைட்டோகைன்கள் எனப்படும் நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் பெரிதாக உயர்வதில்லை, எச்.ஐ.வி. தொற்றின் தொடக்கத்தில் புயல்போல உயர்கின்றன. வைரஸை அகற்றுவது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பி தொற்றிய வயதுவந்தோர் உடல்தான். 2014-ல் வெளியான ஒரு குரங்குச் சோதனை இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்ஃபெரானின் செயலைத் தடுத்தபோது வைரஸின் சேமிப்பு பெருத்தது, நோய் விரைந்தது. வேறு குரங்குகளுக்கு இன்டர்ஃபெரானை முன்கூட்டியே கொடுத்தபோது தொற்று பரவுவது முதலில் தடைப்பட்டது. தொடர்ந்து கொடுத்தபோது செல்கள் மரத்துப்போய் நிலைமை மோசமானது. ஒரே பொருள் முதல் நாட்களில் காப்பு, பிந்தைய வாரங்களில் கேடு.

பெண்களிடமும் இதே இரட்டைத்தன்மை தெரிகிறது. பெண்களின் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள் எச்.ஐ.வி. ஆர்என்ஏவுக்கு ஆண்களுடையவற்றைவிட அதிகமாக இன்டர்ஃபெரான் சுரக்கின்றன என்று 2009-ல் கண்டறியப்பட்டது. தொற்றின் தொடக்கத்தில் பெண்களின் ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருப்பதும், பின்னர் ஒரே அளவு வைரஸ் உள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பெண்ணுக்கு நோய் விரைவாக முற்றுவதும் இதோடு ஒத்துப்போகின்றன. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளும் சூட்டி மங்கபே குரங்குகளும் எஸ்.ஐ.வி. தொற்றியவுடன் இன்டர்ஃபெரானைப் பலமாகவே சுரக்கின்றன; ஆனால் சில வாரங்களில் அதை அடக்கியும்விடுகின்றன. ரீசஸ் குரங்குகளும் சிகிச்சை பெறாத மனிதர்களும் அப்படி அடக்குவதில்லை. அவர்களுடைய சிடி4 செல்களைத் தேய்ப்பதில் வைரஸுக்கு நிகராக இந்த ஓயாத அழற்சிக்கும் பங்குண்டு. எனவே கட்டுப்பாட்டாளர்களின் வலிமையை அளவில் தேடுவதைவிட, உரிய நேரத்தில் எழுவதிலும் அடங்குவதிலும் தேடுவதே பொருத்தம்.

கட்டுப்பாடு நெடுங்காலம் நீடித்தால் வைரஸின் சேமிப்பு எந்த நிலைக்கு வரும் என்பது 2020-ல் வெளிவந்தது. 64 எலைட் கன்ட்ரோலர்களின் செல்களில் எச்.ஐ.வி. டிஎன்ஏ எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பார்த்தபோது, முழுமையான வைரஸ்கள் மரபணுக்களே இல்லாத வறண்ட பகுதிகளில் மிகுந்திருந்தன. அங்கிருந்து விழித்தெழுவது வைரஸுக்குக் கடினம். வைரஸ் அந்த இடங்களைத் தேடிப் போகவில்லை. விழித்துத் தலைகாட்டிய செல்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் கொல்லப்பட்டு, தலைகாட்ட முடியாதவை மட்டும் எஞ்சியிருக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா ஊரைச் சேர்ந்த எலைட் கன்ட்ரோலரான பெண் ஒருவரின் 119 கோடி ரத்தச் செல்களிலும் 50 கோடி நஞ்சுக்கொடிச் செல்களிலும் தேடிப் பார்த்து, பெருகும் திறனுள்ள ஒரு வைரஸ்கூட இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள்.

இந்த அறிவைச் சிகிச்சையாக்கும் முயற்சி இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. டிஎல்ஆர்7-ஐத் தூண்டும் வெசடாலிமாட் என்ற மருந்து, ஒரு எதிர்ப்பொருளோடு சேர்த்துக் கொடுத்தபோது 11 குரங்குகளில் ஐந்தில் வைரஸ் திரும்பாமல் தடுத்தது. வைரஸை ஓரளவு கட்டுப்படுத்தும் 25 பேரிடம் அந்த மருந்தைத் தனியாகச் சோதித்த முடிவு 2021-ல் வந்தது: கூட்டு மருந்தை நிறுத்திய பிறகு வைரஸ் திரும்புவது சற்றே தாமதமானது, அவ்வளவுதான்.

எலைட் கன்ட்ரோலர்கள் நோயற்றவர்கள் அல்லர். சிகிச்சையால் வைரஸ் அடங்கியவர்களைவிட இவர்களிடம் அழற்சி கூடுதலாக இருப்பதுண்டு. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் இவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் அதிகமாக இருந்தது. இதய, ரத்தநாள நோய்கள் அதில் முக்கியக் காரணம். சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகு கட்டுப்பாட்டை இழக்கிறார்கள். தொற்றிய எல்லோருக்கும் சிடி4 எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. இந்தியா 2017 முதல் அதைப் பின்பற்றுகிறது. அரசின் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் மருந்து இலவசம். விவரங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.